சேர்வராயன் மலையில் பழங்குடிச் சான்றிதழ்: மலையாளிக் குடும்பங்களுக்கு எங்கே சிக்கல், எப்படித் தீர்ப்பது

ஏற்காட்டு மலையாளிக் குடும்பங்களின் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையில் வாழும் பழங்குடியினர்) விண்ணப்பத்தில் அடிக்கடி சிக்கல் பண்ணும் சொல் 'கவுண்டர்'. மலையில் அது பட்டப்பெயர். மலை இறங்கினால் கொங்கு வேளாளரைக் குறிக்கும். அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் 'மலையாளக் கவுண்டன்', அப்பாவின் மாற்றுச் சான்றிதழில் வெறும் 'இந்து கவுண்டர்', பிள்ளையின் பள்ளிப் பதிவில் 'மலையாளி' என்று மூன்று விதமாக இருந்தால், சமூகத்தை மாற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தோன்றும். அதனால் இ-சேவை மையத்துக்குப் போகுமுன் வீட்டில் இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் பரப்பி, எதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்று மட்டும்தான் உண்டு. கூடவே தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டக் கட்டுப்பாடும் உண்டு. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வாசகம் இது. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்ததால் இன்றைய நாமக்கல்லின் கொல்லிமலைக்காரருக்கும் பொருந்தும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்காரருக்குப் பொருந்தாது. அது பழைய கோவை மாவட்டம். உறவுமுறை ஒன்றாக இருந்தும் அவர்களுக்கு இது கிடைக்காதது அநியாயம்தான். ஆனால் பட்டியலை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். சான்று தரும் கோட்டாட்சியரிடம் வாதாடிப் பயனில்லை.

விண்ணப்பத்தில் 'மலையாளி' என்று மட்டும் நிரப்புங்கள். 'மலையாளக் கவுண்டர்', 'காராளர்' என்று எழுதினால் பட்டியலில் இல்லாத பெயர் என்று திரும்பி வரும்.

ஆவணங்களில் பழையதற்கே மதிப்பு அதிகம். 1950க்கு முந்தைய காகிதம் ஒன்று கிடைத்தால், பிந்தைய பத்துக்குச் சமம். தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல், பழைய பிறப்பு இறப்புப் பதிவேட்டு நகல், சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்த பத்திர நகல் ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். தகப்பன், சித்தப்பா, அத்தை, உடன்பிறந்தவர் வாங்கிய சான்றிதழ்களையும் சேருங்கள். இவற்றை இணைப்பது வம்சாவளிப் படம். ஒரே தாளில் மூன்று தலைமுறை, ஒவ்வொரு பெயரின் அருகிலும் எந்த ஆவணம் என்ற எண். பெயர் எழுத்து மாறியிருந்தால் ('சின்னான்', 'சின்னையன்') இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள். இந்தத் தாள் இல்லாத கட்டு கிராம நிர்வாக அலுவலர் மேசையிலேயே நின்றுவிடும்.

1989 நவம்பர் 11க்கு முன் தாசில்தார் கொடுத்த சான்று செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு பழங்குடிச் சான்று தரும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கே. ஏற்காடு வட்டத்துக்குச் சேலம் கோட்டாட்சியர். அப்பாவிடம் பழைய சான்றிதழ் அட்டை இருந்தால் மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

இ-சேவையில் ஆதாரோடு பதிவு செய்து, சாதிச் சான்று சேவையில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். ஒப்புகைச் சீட்டு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலேறிக் கோட்டாட்சியரிடம் போகும். திருப்பூரிலோ சேலத்திலோ வேலை பார்த்தாலும் சொந்த ஊர் முகவரியில் போடுவதே நல்லது. விசாரணைக்கு ஊர்க்காரர் வாக்குமூலம் தேவைப்படும்.

விசாரணையில் குலதெய்வம், பட்டக்காரர் (சமூகத் தலைவர்) யார், கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு, மே மாதச் சேர்வராயன் திருவிழா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், மனப்பாடம் வேண்டாம். நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சடங்கு தெரியாததை மட்டும் வைத்து மறுக்க முடியாது: வழக்கத் தொடர்பைச் சோதிப்பது முடிவான அளவுகோல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. மதம் மாறியதால் மட்டுமே பழங்குடித் தகுதி போகாது; பட்டியல் சாதிக்கு உள்ள மதக் கட்டுப்பாடு இங்கே கிடையாது. கல்யாணத்தால் வேறு சமூகத்தவருக்கு இந்தத் தகுதி வராது. கலப்புமணப் பிள்ளை என்றால் பெற்றோர் இருவரின் சான்றும் வையுங்கள். பிள்ளை எந்தச் சமூகத்தாரிடையே வளர்கிறது என்பதைப் பார்ப்பார்கள்.

மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். காரணம் எழுதிய ஆணை கையில் இல்லாமல் மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம். ஆணை தர இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகை எண்ணோடு மனு கொடுங்கள்.

சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகள் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தைத் தாங்களே நிரப்பட்டும். ஆசிரியர் பழக்கத்தில் 'கவுண்டர்' என்று போட்டுவிட்டால், பள்ளியை விட்டு வந்தபின் அதைத் திருத்துவது பெரும்பாடு.