போருக்குப் பின் பெண்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பாயில் இருந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தேத்தண்ணி இன்னும் அடுப்பில். அதற்குள் ஒரு பிள்ளை படிவத்தை எடுத்து, "மகன் எப்ப அம்மா காணாமல் போனவர்?" என்று தொடங்கிவிட்டாள். "காணாமல் போகேல்லை பிள்ளை. வட்டுவாகலில வச்சு நான் என்ர கையால குடுத்தனான்" என்றார் அந்த அம்மா. இலங்கைப் போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் ஒப்படைத்த மகனைப் பற்றித்தான் சொன்னார்.

அதே கேள்வியை அதே தொனியில் பல வருடங்களுக்கு முன் கேட்டவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்குப் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்குத் தெரியும்.

விழிப்பூட்டப் போகிறோம் என்று நினைப்பது

பயிற்சிப்பட்டறை என்றால் முதல் படத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325 ஆம் இலக்கத் தீர்மானம் வரும். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிறைவேறியது, சமாதான முயற்சிகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்கிறது. நல்ல தீர்மானம்தான். ஆனால் எதிரில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். முல்லைத்தீவின் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி 31 முதல் விமானப்படை முகாமுக்கு முன்னால் குழந்தைகளோடு பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் இருந்து காணியை மீட்டவர்கள் பெண்கள். 1992 இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில், கடற்படை நிலைகொண்டிருந்த தங்கள் தீவுக்குத் திரும்பியபோதும் பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். இவர்களுக்குத் தலைமைத்துவம் கற்பிக்கப் போகாதீர்கள். அடுத்து என்ன செய்ய யோசிக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு வாகனமோ, வழக்கறிஞரோ, சிங்களத்தில் கடிதம் எழுத ஒரு ஆளோ தேவையா என்று கேளுங்கள்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது

எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது இதுதான்.

2009 மேயில் போர் முடிந்த பிறகு இந்தத் தாய்மார் எத்தனை இடத்தில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013 இல் காணாமல் போனோரைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு. 2016 இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்கள் கருத்தைக் கேட்ட கலந்தாலோசனைச் செயலணி. 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டு இயங்கத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம். அதைவிடப் பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம். இடையிடையே நிறுவனக்காரர், பத்திரிகையாளர், பட்டத்துக்காக ஆய்வு செய்ய வரும் மாணவர். ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து சொல்ல வேண்டும்: எந்த இடம், என்ன உடுப்பு, பக்கத்தில் யார் நின்றது.

அந்த நாளில் என் படிவம் பதினான்கு பக்கம். போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் மகனைப் பிரிந்தது மார்ச் மாதம் என்று ஒரு அம்மா சொன்னார். பழைய முறைப்பாட்டுப் பிரதியை எனக்கு முதலே காட்டியிருந்தார், அதில் ஏப்ரல் என்று இருந்தது. "எது சரி அம்மா?" என்று கேட்டேன். கவனமாக வேலை செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன். அவர் எழும்பி உள்ளே போய் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். போட்டோக்கொப்பிகள், மகனின் பள்ளிக்கூடப் படம், ஆணைக்குழுக்களின் கடிதங்கள். "எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. உங்களுக்கு எது சரியெண்டு படுதோ அதை எழுதிக்கொண்டு போங்கோ" என்றார். அப்புறம் ஒரு வருடம் எங்கள் கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை. நாங்கள் போய் இரண்டாம் நாள், வந்தது யார், என்ன கேட்டார்கள் என்று விசாரிக்க மோட்டார் சைக்கிளில் ஆள் வந்த கதையை அயலில் இருந்தவர்தான் பிறகு சொன்னார்.

ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் யாரும் கலண்டர் பார்க்கவில்லை. ஆனால் ஐந்து இடத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதிக்கொண்ட தேதிகள், நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் அந்தத் தாய்க்கு எதிராகவே நிற்கும். சாட்சி முன்னுக்குப் பின் முரண் என்று சொல்ல ஒரு வழக்கறிஞருக்கு அது போதும். அந்த முரணை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இது போதாதென்று, அவருக்கு அன்றைய கூலி போகும், இரவு நித்திரை போகும்.

உண்மையில் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்தத் தாய்மார்தான். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று அது பரவியது. சரணடைந்தவர்களின் பட்டியலைத் தாருங்கள், தடுத்து வைத்திருந்த இடங்களின் பட்டியலைத் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். அந்த ஜூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்களைச் சந்தித்து, பட்டியலை வெளியிடுவதாக வாக்குக் கொடுத்தார். பட்டியல் வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் இருக்க, நாம் தாய்மாரிடமே திரும்பவும் கேள்வியோடு போகிறோம்.

சரி, என்ன செய்வது? ஏற்கனவே கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி இருக்கிறதா என்று கேட்டு, சம்மதித்தால் அதை வாசியுங்கள். அதில் இருப்பதைத் திரும்பக் கேட்காதீர்கள். தேதி மாறியிருந்தால் இரண்டையும் அப்படியே குறியுங்கள், திருத்தச் சொல்லாதீர்கள். புதிதாக எழுதினால் ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். அது யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று எழுதத் தொடங்கும் முன் சொல்லுங்கள். பஸ் காசையும் நாட்கூலியையும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுங்கள். அந்தப் படிவம் உங்கள் அலுவலக அறிக்கைக்கு மட்டும்தான் என்றால், தயவுசெய்து வெறுங்கையோடு போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

'விதவை' என்ற கட்டத்தில் அடையாளம் போடுவது

கணவரைத் தேடிக்கொண்டிருப்பவரின் நெற்றியில் பொட்டு இருக்கிறது. பாருங்கள்.

பணத்தை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு போவது

காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 2022 இல் அமைச்சரவை முடிவெடுத்தபோது, தாய்மாரில் பலர் வேண்டாம் என்றார்கள். வறுமையில் இருந்துகொண்டு அதைச் சொன்னார்கள். "வாங்குங்கோ அம்மா, உதவும்தானே" என்று நாம் சொல்லக்கூடாது. வாங்கியவரைக் குறை சொல்லவும் கூடாது.

ஒரு தையல் மெசினோடு முடிப்பது

சந்தை எங்கே, துணி யார் தருவார், மெசின் பழுதானால் யார் பார்ப்பார் என்று கேட்காமல் கொடுத்த மெசின்கள் மூலையில் கிடக்கின்றன. நுண்கடன் கம்பனியில் இருந்து வாரக்கடன் அறவிட வருபவர் மட்டும் தவறாமல் வந்தார். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. கடன்பட்ட பெண்ணால் கூட்டத்தில் நிமிர்ந்து பேச முடியாது. கடனைப் பற்றிப் பேசாமல் சமாதானத்தைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள்.

எல்லோரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைப்பது

முன்னாள் பெண் போராளியும், புலிகள் இயக்கம் பிள்ளையைக் கட்டாயமாக எடுத்துக்கொண்ட தாயும், 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம் பெண்ணும் ஒரே நாளில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரோடும் முதலில் தனியாகப் பேசுங்கள். சேர்ந்து உட்காரும் நாளை அவர்களே சொல்லட்டும். சில இடங்களில் அதற்கு இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடத்தைத் திட்ட அறிக்கையில் எழுதக் கூச்சப்படாதீர்கள்.

வட்ஸ்அப் குழுவில் படம் போடுவது

போடாதீர்கள்.

சொல்லாமல் போவது

திட்டம் முடிந்தால் நேரில் போய், முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வாங்கிய பிரதிகளையும் படங்களையும் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.