லினக்ஸ் பியானோவின் கீழ் சுரங்கள் சரியான விதம்

யுஎஸ்பி மிடி கீபோர்டை (எந்தக் கட்டை அழுந்தியது என்று கணினிக்குச் சொல்லும் பியானோப் பலகை) லினக்ஸ் கணினியில் மாட்டி, ஃப்ளூயிட்சிந்த் என்ற ஒலியாக்கும் மென்பொருள் வழியாக வாசித்து வந்தேன். நடுக்கட்டைகள் நன்றாகவே ஒலித்தன. இடது கை கீழே போனால்தான் தொல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் சுரம் அலையும்.

முதலில் ஸ்பீக்கர் மேல்தான் சந்தேகம். அதில் நியாயமும் உண்டு. 88 கட்டைகளில் இடது கோடியில் இருக்கும் 'ஏ' சுரம் 27.5 ஹெர்ட்ஸ்; மேசை ஸ்பீக்கருக்கு அது எட்டாது. ஆனால் நல்ல ஹெட்போன் போட்டும் அந்த அலைவு போகவில்லை.

காரணம் கோரஸ் என்ற ஒலி விளைவு. ஃப்ளூயிட்சிந்தில் ரிவெர்ப் (எதிரொலிப்பு), கோரஸ் இரண்டுமே நாம் கேட்காமலே ஓடும். ஒரே சுரத்தின் லேசாக விலகிய நகல்களைக் கோரஸ் சேர்க்கிறது. பியானோவின் அடிச்சுரத்துக்கு அது ஆகவே ஆகாது. அணைத்த நொடியே சுரம் நிமிர்ந்து நின்றது.

அப்புறம் சவுண்ட்ஃபான்ட், அதாவது வாத்திய ஒலிப்பதிவுகளின் தொகுப்பு. சாலமாண்டர் கிராண்ட் பியானோ, யமஹா சி5 பியானோவை, மெதுவாகத் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பதுவரை 16 அழுத்த அடுக்குகளில் பதிவு செய்தது, இலவசம். மெதுவாகத் தொட்டால் உருண்டையான முனகல். ஓங்கி அடித்தால் செம்பு சுற்றிய கம்பியின் உறுமல். இந்த வித்தியாசத்துக்காகவே அதை எல்லோருக்கும் சொல்வேன்.

மிச்சம் இருந்தது, கட்டையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயரில் பஃபர் (ஒலி சேர்ந்து காத்திருக்கும் இடம்) 1024 சாம்பிள் (ஒலித்துணுக்கு). நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் அது 21 மில்லிசெகண்ட். 128க்கு இறக்கினால் படபடவென்று வெடிப்பொலி. 256 வைத்தேன், சுமார் 5 மில்லிசெகண்ட். சரி, இப்போது கட்டை அழுந்தும்போதே ஒலி விரலில் இருக்கிறது.