பாலியல் வன்முறைத் தடுப்புப் பயிற்சி பள்ளியில் பலன் தந்ததா என்று கண்டறிவது எப்படி?

பயிற்சி முடிந்த கையோடு ஒரு தாளைக் கொடுத்து, ‘பயனுள்ளதாக இருந்ததா?’ என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் ‘ஆம்’ என்றே எழுதுவார்கள். அது பேச்சாளரைப் பற்றிய கருத்து. பயிற்சியின் மதிப்பீடு ஆகாது. சேலத்திலோ ஏற்காட்டிலோ உள்ள பள்ளியின் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் தெரிந்துகொள்ள வேண்டியது, பிள்ளைகளுக்கு நேரும் தீங்கு குறைந்ததா என்பதைத்தான்.

அதற்குப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் அதே கேள்விகளை மீண்டும் கேட்க வேண்டும். ‘பாலியல் வன்முறைக்கு ஆளானாயா?’ என்று கேட்பதில் பயனில்லை, ஏனெனில் தனக்கு நடந்ததை அந்தப் பெயரால் அறியாத பிள்ளைகளே அதிகம். ‘கடந்த மூன்று மாதங்களில் உன் விருப்பத்துக்கு மாறாக யாராவது உன்னைத் தொட்டார்களா?’, ‘படம் அனுப்பச் சொல்லி மிரட்டினார்களா?’ என்று செயலைச் சொல்லிக் கேளுங்கள். ‘நீ யாரிடமாவது அப்படி நடந்துகொண்டாயா?’ என்பதையும் இருபாலரிடமும் கேட்க வேண்டும். காதல் உறவுகளைத் துருவும் கேள்விகள் வேண்டாம். அவை மதிப்பீட்டுக்கு உதவாது, பிள்ளையைத்தான் சிக்கலில் மாட்டிவிடும்.

வினாத்தாளில் பெயரோ வரிசை எண்ணோ இருக்கக் கூடாது. முதல் தாளையும் பின்னர் வரும் தாளையும் இணைக்க, பிறந்த தேதியைக் குறியீடாக்குவது வழக்கம். ஆனால் மலைப்பள்ளியில் இருபது பேர் கொண்ட வகுப்பில் அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஊர், பிறந்தநாள் சாராத ஒரு குறியீட்டைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். அதே சமயம், ‘எதைச் சொன்னாலும் ரகசியமாக வைத்துக்கொள்வோம்’ என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிறையாத ஒருவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே விளக்கிவிட்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் வினாத்தாளின் அடியில் அச்சிடுங்கள்.

ஒப்பிடுவதற்கு, அடுத்த ஆண்டு பயிற்சி பெறவிருக்கும் பள்ளிகள் வேண்டும். ஒரே பள்ளியில் ‘அ’ பிரிவுக்குக் கொடுத்து ‘ஆ’ பிரிவோடு ஒப்பிட்டால், இடைவேளையிலேயே பேச்சு பரவிவிடும். நகரப் பள்ளியை உண்டு உறைவிடப் பள்ளியோடு ஒப்பிடுவதும் பொருந்தாது: விடுதியில் தங்கும் பிள்ளைக்கும், காப்பித் தோட்டங்களின் நடுவே நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும், சேலம் நகரப் பேருந்தில் நெரிசலில் நிற்கும் பிள்ளைக்கும் ஆபத்து வரும் இடங்கள் வேறு.

இடம் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நியூயார்க் நகரின் 30 நடுநிலைப் பள்ளிகளில் ‘ஷிஃப்டிங் பவுண்டரீஸ்’ என்ற திட்டத்தைச் சோதித்தபோது, பாதுகாப்பற்ற இடங்களை மாணவர்களைக் கொண்டே வரைபடத்தில் குறிக்கச் செய்து அங்கே கண்காணிப்பைக் கூட்டிய பள்ளிகளில் பாலியல் வன்முறை குறைந்தது; வகுப்புப் பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே நம் பள்ளியிலும் பிள்ளைகளிடம் வரைபடம் கொடுத்து, அஞ்சும் இடங்களைச் சிவப்பால் தீட்டச் சொல்லுங்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழி, விடுதியின் பின்புறம், பேருந்து நிறுத்தம் என எது சிவப்பானாலும், அங்கே நிற்க ஒப்புக்கொண்ட ஆசிரியர் உண்மையில் நின்றாரா என்பதைக் குறிப்பேட்டில் பதிந்து, ஓராண்டு கழித்து மீண்டும் தீட்டச் செய்து ஒப்பிடுங்கள்.

பயிற்சிக்குப் பின் புகார்கள் கூடினால் பதற வேண்டாம். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை பிறந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். வினாத்தாளில் தீங்கு குறைந்து புகார் கூடியிருந்தால் நல்லது; இரண்டுமே கூடியிருந்தால் காரணம் தேட வேண்டும். புகார் எண்ணிக்கையைக் காட்டிப் பள்ளியைக் கண்டிக்கும் அதிகாரி, அடுத்த ஆண்டு பிள்ளைகளின் வாயை அடைத்தவராவார்.

கடைசியாக, இரண்டாம் முறை கேட்கும் நாளில் வராதவர்களையும் இடையில் பள்ளியை விட்டு நின்றவர்களையும் எண்ணுங்கள். தீங்குக்கு ஆளான பிள்ளையே நின்றுபோயிருந்தால், மீதமுள்ளவர்களின் விடைகளில் தீங்கு குறைந்ததுபோலத் தோன்றும். யார், எப்போது, எதனால் நின்றார்கள் என்று வீடு தேடிச் சென்று விசாரித்த பிறகே முடிவை எழுதுங்கள்.