சேற்றில் ஓடலாம், நிற்கக் கூடாது

சேறு, குளிர்ந்த தண்ணீர், மதில், முள்கம்பி என்று தடைகளைத் தாண்டி ஓடும், குளிர்காலத்தில் மலையில் நடக்கும் சேற்றுத் தடை ஓட்டத்துக்கு நண்பர்களோடு சேர்ந்து பெயர் கொடுத்தவுடன் எல்லோரும் கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்கும் புல்-அப்ஸ் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் பார்த்தவரையில், பாதியில் விலகுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் தெம்பில்லாமல் விலகுவதில்லை. குளிரில் விறைத்துப்போய் விலகுகிறார்கள். அதுவும் ஓடும்போது அல்ல, எங்காவது நிற்கும்போது.

ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், மார்பளவுத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் அடுத்த மதில் முன்னால் நீளமாக ஒரு வரிசை நிற்கும். ஈரத்தோடு, காற்றில், பத்து நிமிடம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். நனைந்த துணியும், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், அதே வேலையைத்தான் செய்கிறது. எனவே வரிசையில் சும்மா நிற்காதீர்கள். குதியுங்கள், உட்கார்ந்து எழுங்கள், கையைச் சுழற்றுங்கள். பைத்தியம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

அடிவாரத்தின் வானிலையைப் பார்த்துவிட்டு உடை எடுத்து வைப்பது இன்னொரு பிழை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். முகட்டுக் காற்று அதற்கு மேல் தனி. இதையெல்லாம் சொன்ன பிறகும் கூட்டத்தில் ஒருவர் பருத்தி டீ ஷர்ட்டோடு வந்து நிற்பார். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அப்படித்தான் வந்தான். முதல் குட்டையைத் தாண்டியதும் அந்தச் சட்டை தொடைவரை தொங்கியது. பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பருத்தி ஈரத்தை விடாது. பாலியெஸ்டரோ மெல்லிய கம்பளியோ உடம்போடு ஒட்டினாற்போல் போடுங்கள். தொளதொள உடை முள்கம்பிக்கு அடியில் தவழும்போது மாட்டிக்கொள்ளும் என்பது கூடுதல் காரணம்.

ஷூ விஷயத்தில் பலரும் காசைக் கொடுத்துத் தவறை வாங்குகிறார்கள். தண்ணீர் புகாத ஷூ என்றால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராத ஷூ என்றும் அர்த்தம். முழங்காலளவுத் தண்ணீரில் மேல்வழியாக நிரம்பிவிட்டால் மீதித் தூரத்துக்கு இரண்டு வாளிகளோடு ஓடுகிறீர்கள். தண்ணீர் வடியக்கூடிய, அடியில் ஆழமான பற்கள் உள்ள ஷூவே போதும். அன்றைக்குத்தான் புதிதாகப் போடுவது வேண்டாம். லேஸை இரண்டு முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகிவிடுங்கள். சேறு உறிஞ்சி இழுக்கும்போது ஷூ மட்டும் உள்ளேயே தங்கிவிடுவது சகஜம்.

குளிர்ந்த தண்ணீரில் தலைகீழாகப் பாயவே கூடாது. அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று சேற்றுத் தண்ணீரில் தெரியாது. அதைவிட, சில்லிட்ட தண்ணீர் பட்டவுடன் மூச்சு தானாகவே ஒருமுறை வேகமாக உள்ளிழுக்கும். அந்த நொடி முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்று அல்ல. கால் முதலில் இறங்கி, மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்த பிறகு நகருங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அப்புறம் வாய். சிரித்துக்கொண்டே சேற்றில் விழுவது படத்துக்கு நன்றாக இருக்கும். அந்த மண்ணில் ஆடுமாடுகளின் சாணமும் கலந்திருக்கலாம். 2012இல் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த ஒரு தடை ஓட்டத்துக்குப் பிறகு, சேற்றுத் தண்ணீரை விழுங்கியவர்களுக்குக் கம்பைலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தது பதிவாகியிருக்கிறது. ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைச் சேற்றுக் கையோடு பல்லால் கிழிப்பதும் அதே வழிதான்.

நண்பர்களோடு ஓடுவதில்தான் பாதி மகிழ்ச்சி, பாதித் தகராறும். யார் வேகத்தில் போவது என்று தொடக்கக் கோட்டில் பேசாதீர்கள், முந்தைய நாளே பேசிவிடுங்கள். மெதுவாக வருபவருக்காக மற்றவர்கள் மேட்டில் நின்று காத்திருந்தால், காத்திருப்பவர்கள்தான் முதலில் விறைப்பார்கள். மெதுவானவரை முன்னால் விட்டு அவர் வேகத்தில் போவதே மேல். உயரமான மதிலில் பலசாலிகள் எல்லோரும் முதலில் ஏறிவிடுவது வழக்கமான கூத்து. கடைசி ஆளைத் தூக்கிவிடக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். பலமுள்ள ஒருவர் மேலே உட்கார்ந்து கைகொடுக்க, நன்றாக எம்பத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும்.

ஒருவரையொருவர் பேசவைத்துக்கொண்டே போங்கள். நாக்கு குழறுகிறதா, சமதரையில் தடுமாறுகிறாரா, காரணமில்லாமல் எரிந்துவிழுகிறாரா என்று பாருங்கள். உள்ளுடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இப்படித்தான் காட்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் அது தேறியதன் அறிகுறி அல்ல. அங்கேயே உதவியாளரைக் கூப்பிடுங்கள், ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று சொல்லி இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முடித்த பிறகும் உள்ளுடல் வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பதக்கத்தோடு படமெடுப்பது பிறகு. ஈரத்தைக் கழற்றி, துடைத்து, காய்ந்த உடையை மாட்டுங்கள். நேராகக் கொதிக்கும் சுடுநீரில் போய் நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மாற்று உடையில் பட்டன் வேண்டாம். விரல் மரத்த நிலையில் ஒரு பட்டனைத் துளைக்குள் நுழைப்பது மலையேறுவதைவிடக் கஷ்டம். தலைவழியாக மாட்டும் சட்டை, இழுத்துப் போடும் கால்சட்டை, அவையும் போட வேண்டிய வரிசையிலேயே பையில்.

அந்தப் பை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒருமுறை நாங்கள் நால்வரும் முடித்துவிட்டு ஓடிப்போய் வண்டியருகே நின்றோம். பைகள் ஐந்தும் கண்ணாடிக்குள்ளே அழகாக அடுக்கியிருந்தன. சாவி மட்டும், இன்னும் மலையில் இருந்த ஐந்தாமவன் இடுப்பில்.