வீட்டிலேயே டைமிங் பெல்ட் மாற்றலாம்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

எஞ்சினின் ஓரத்தில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று ஓடுகிறது. கீழே, பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால் மேலே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக 1 சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த பெல்ட்டின் வேலை. ஓடும்போது அறுந்துவிட்டால், பல எஞ்சின்களில் திறந்திருக்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளைந்துபோகும். அதற்கப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலைதான். அதை எட்டுவதற்குள் கழற்ற வேண்டிய சாமான்கள்தான் பகல் முழுவதையும் விழுங்கும். பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: இரண்டு ஷாஃப்ட்டும் சரியான நிலையில் நிற்கின்றனவா என்று காட்டும் டைமிங் குறிகள்.

உங்கள் காருக்கு இது பொருந்துமா?

பல கார்களில் பெல்ட்டே கிடையாது, செயின்தான். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை சொல்லும் எஞ்சின்கள் நிறைய; அதைவிட அதிகம் சொல்பவையும் உண்டு. வருடக் கணக்கையும் விடாதீர்கள். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் கெடும். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடுவதும் வேண்டாம். வெடிப்பு எதுவும் தெரியாமலே அறுந்த பெல்ட்டுகள் ஏராளம்.

எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் சில எஞ்சின்களில் இருக்கிறது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம். நான்கு சிலிண்டர், ஒற்றை கேம் ஷாஃப்ட் என்றால் தைரியமாக இறங்கலாம்.

என்னென்ன வேண்டும்

பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி எல்லாம் சேர்ந்த கிட் வாங்குங்கள். பழைய டென்ஷனரின் பேரிங் இறுகி நின்றால் புது பெல்ட்டும் போய்விடும். வாட்டர் பம்பை இந்த பெல்ட்தான் சுற்றுகிறது என்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஒருமுறைதான் மாட்ட வேண்டும் என்று சொல்லப்பட்ட போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்க வேண்டும்.

சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், ஜாக்கி, தரமான ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடை, வெள்ளை பெயின்ட் மார்க்கர், ஷாஃப்ட்டுகள் திரும்பாமல் பூட்டிப் பிடிக்க உங்கள் எஞ்சினுக்கான லாக்கிங் பின், அப்புறம் போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச். இந்தக் கடைசி சாமான் இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். கை கணக்கில் முடுக்குவது இங்கே சரிப்படாது. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பது உங்கள் எஞ்சினின் ரிப்பேர் மேனுவலில் இருக்கும். அதைத் திறந்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

1. வழியைத் திறப்பது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பின் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, பெல்ட் பக்கத்து முன் சக்கரத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகு சக்கரத்தை எடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது.

அடுத்து உள் மட்கார்டு, ஏசிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் ஓடும் வெளி பெல்ட்டுகள். பெரும்பாலான முன்சக்கர கார்களில் எஞ்சின் மவுன்ட் ஒன்று வழியை மறைக்கும். ஆயில் பேனுக்கு அடியில் மரப்பலகை வைத்து, ஜாக்கியால் எஞ்சினை லேசாகத் தாங்கிக்கொண்டு மவுன்ட்டைக் கழற்றுங்கள். கழற்றும் போல்ட்டுகளை இடம்வாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று மாறும்.

2. கிராங்க் புல்லி போல்ட்

கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில், வெளி பெல்ட்டுகளைச் சுற்றும் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட் இது. வேலையிலேயே அதிகமாக முரண்டு பிடிப்பது இதுதான். சில எஞ்சின்களில் இதன் இறுக்கம் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். புல்லியைப் பிடிக்கும் தனிக் கருவி இருந்தால் நல்லது. மேனுவல் கியர் வண்டியில் டாப் கியர் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாலும் ஆகும். லாக்கிங் பின்னை நம்பி இந்த போல்ட்டைத் தளர்த்தாதீர்கள், பின் முறியும். பாரை எதிலாவது முட்டக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் குறுக்குவழியும் வேண்டாம். பார் தெறித்தால் கை போகும்.

தளர்ந்ததும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். புல்லி, கீழ் மூடி, மேல் மூடி எல்லாம் வெளியே வரட்டும்.

3. குறிகளைச் சேர்ப்பது

இங்கே அவசரமே கூடாது. கிராங்க் போல்ட்டை மறுபடி மாட்டி, அதைப் பிடித்து எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். பெரும்பாலானவற்றில் அது கடிகார திசை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் லேசாகச் சுற்றும்.

கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு குறி, அதற்கு நேராக எஞ்சின் பிளாக்கில் ஒரு குறி. கேம் பல்சக்கரத்துக்கும் அதேபோல ஒரு ஜோடி. இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். கிராங்க் சேர்ந்து கேம் எதிர்ப்பக்கம் நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். வெளியே கழற்றி வைத்த புல்லியிலும் கோடு இருக்கும். அதை நம்பி பெல்ட் மாட்டக்கூடாது.

குறிகள் சேர்ந்ததும் லாக்கிங் பின்னைப் போடுங்கள். பிறகு வெள்ளை மார்க்கரால் பெல்ட்டிலும் பல்சக்கரங்களிலும் கோடு போட்டு, நேர் எதிரே நின்று போட்டோ எடுங்கள். சாய்வாக எடுத்தால் அரைப் பல் நகர்ந்ததுபோல் தெரியும். ஒரு பல்தானே என்று நினைக்க வேண்டாம்: 20 பல் உள்ள கிராங்க் சக்கரத்தில் ஒரு பல் என்பது 18 டிகிரி.

4. பழசை எடுப்பது

டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை உருவுங்கள். இந்த நிமிடத்திலிருந்து கிராங்கையும் கேமையும் அசைக்கக்கூடாது. இரட்டை கேம் எஞ்சினில் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் தானாகவே சட்டென்று திரும்பலாம். அதற்குத்தான் பின்.

பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் புதுசோடு ஒப்பிடுங்கள்: பல் எண்ணிக்கை, அகலம், பல்லின் வடிவம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பெல்ட்டில் எண்ணெய் பிசுக்கு இருந்தால் கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் மூடாதீர்கள்.

வாட்டர் பம்ப் மாற்றுவதானால் கூலன்ட்டை வடித்து, பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த முகத்தைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். கூலன்ட் விஷம், குழந்தைகளும் நாய் பூனையும் கிட்டே வராத இடத்தில் மூடி வையுங்கள்.

5. புதுசை மாட்டுவது

பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பவோ கூடாது. அம்புக்குறி இருந்தால் ஓடும் திசைக்குத் திருப்புங்கள். கிராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் துளி தொய்வும் இல்லாமல் இழுத்து கேமுக்குக் கொண்டு போங்கள். மிச்சத் தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும். கடைசியாக டென்ஷனரை விடுவியுங்கள். முள் வைத்த டென்ஷனர் என்றால் முள்ளை அதன் குறிக்கு நேராக நிறுத்தி போல்ட்டை முடுக்குங்கள். ஹைட்ராலிக் என்றால் அதன் பின்னை உருவினால் தானே இறுக்கிக்கொள்ளும்.

6. கையால் இரண்டு சுற்று

எல்லா லாக்கிங் பின்னையும் எடுத்துவிட்டு, கிராங்கை மெதுவாக 2 முழுச் சுற்று சுற்றி நிறுத்துங்கள். நடுவில் கெட்டியாக எதிலாவது முட்டினால் பலம் போடாதீர்கள். வால்வும் பிஸ்டனும் தொடுகின்றன என்று அர்த்தம். பெல்ட்டை எடுத்துவிட்டு மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

முட்டாமல் வந்தால் குறிகளைப் பாருங்கள். புது பெல்ட்டில் அச்சடித்த கோடுகள் இப்போது எங்கோ நகர்ந்திருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை மாட்டும் நேரத்துக்கு மட்டும்தான். பல்சக்கரக் குறிகள் பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள குறிகளோடு சேர்ந்திருந்தால் போதும். டென்ஷனர் முள்ளையும் இன்னொருமுறை பாருங்கள். சுற்றிய பிறகு கொஞ்சம் நகர்வதுண்டு.

7. மூடுவது, ஸ்டார்ட் செய்வது

கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மாட்டிக்கொண்டு வாருங்கள். கிராங்க் போல்ட்டுக்கு மேனுவல் சொல்லும் டார்க்கோடு, சிலவற்றில் அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்றும் இருக்கும். இரண்டையும் செய்யுங்கள். கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, பேட்டரியை இணையுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் காது கொடுத்துக் கேளுங்கள். உய்ங்... என்று சுதி ஏறும் சத்தம் வந்தால் பெல்ட் அதிக இறுக்கம். மூடியில் பட்படவென்று அடித்தால் தொய்வு. உலோகத் தட்டல் கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். எதுவும் இல்லையென்றால் ஃபேன் ஓடும் வரை சூடாகவிட்டு, ஆறிய பிறகு கூலன்ட் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். அப்புறம் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மேல் மூடியில் ஒட்டிவிடுங்கள்.