மகளுக்கும் ஒரு போன் போடுங்கள்: மூளை அனியூரிசம் உள்ள குடும்பங்கள் செய்யும் தவறுகள்

"மூளை நரம்பு வெடிச்சிடுச்சு." காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு திடீர் சாவைப் பற்றிக் கேட்டால் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வெடிப்பது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். அதிலும் பிபி ஏறி மூளைக்குள் ரத்தம் கசிவது வேறு. குழாயின் சுவர் பலூன் மாதிரி உப்பி வெடிப்பது வேறு. அந்த உப்பல்தான் அனியூரிசம். அது இருந்திருந்தால்தான் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் ஸ்கேன் வேண்டுமா என்ற கேள்வி வருகிறது. அதனால் காரியம் முடிந்த கையோடு டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ஃபிலிமையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஸ்டான்லிக்குப் போனாலும் ஜி.எச்.சுக்குப் போனாலும் மூளை டாக்டருக்கு அதுதான் வேண்டும்.

சரி, யாருக்கு ஸ்கேன்? பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்ற வட்டத்தில் இரண்டு பேருக்காவது வந்திருந்தால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனின் 2015 வழிகாட்டுதலும் இரண்டு பேர் என்றுதான் கணக்கு வைக்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் வீட்டில் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

என்னை வருத்தும் தவறு ஒன்று உண்டு. மகன்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த மகள் யார் நினைவுக்கும் வரமாட்டாள். கல்யாணம் ஆனால் ரத்தம் மாறிவிடுமா? அனியூரிசம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. முதல் போன் அவளுக்குப் போகட்டும்.

சாதாரண சி.டி. எடுத்து "ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாகிவிடுவதும் தப்பு. வெடிக்காத சின்ன உப்பல் அதில் தெரியாமல் போகலாம். எம்.ஆர். ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எடுக்கலாமா என்று கேளுங்கள். அதில் கதிர்வீச்சு கிடையாது, பெரும்பாலும் ஊசி மருந்தும் தேவைப்படாது. அது நார்மல் என்று வந்தாலும் ஆயுளுக்கும் போதும் என்று இருக்க முடியாது. எப்போது திரும்ப எடுப்பது என்று அப்போதே கேட்டு வையுங்கள்.

சின்னதாக ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம். பெரியவர்களில் 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு இது இருக்கிறது, பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. சிகரெட்டை இன்றே விடுங்கள், பிபி மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள்.

ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், இதுவரை வந்தே இராத தலைவலி சட்டென்று இடி இறங்கினமாதிரி வந்தால், மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்பாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.