ரப்பர் பால் வெட்ட ஆள் எடுக்கும்போது

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்கள் ஆள் எடுக்கும்போது முதலில் பேசுவது கூலி. அது கடைசியில் போதும். முதலில் அவர் இப்போது வெட்டும் தோட்டத்துக்குப் போய்ப் பட்டையைப் பாருங்கள். வெட்டி முடிந்த இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வந்திருந்தால் நல்ல கை. முண்டும் முடிச்சுமாக இருந்தால் கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டிருக்கிறது. பிறகு அந்தப் பட்டையில் ஒழுங்காக வெட்ட முடியாது.

அடுத்து, உங்கள் தோட்டத்தில் பத்து முதிர்ந்த மரங்களை வெட்டச் சொல்லுங்கள். இளமரத்தைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டாம். ஒட்டுமரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சுமார் 30 டிகிரி சரிய வேண்டும். ஆழத்தில்தான் கைத்திறன் தெரியும். பால்குழாய்கள் அதிகம் இருப்பது தடியை ஒட்டிய உள்பட்டையில். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும், ஆழமாகப் போனால் மரம் காயப்படும். தடிக்கு வெளியே சுமார் 1 மில்லிமீட்டர் பட்டை மிஞ்ச வேண்டும்.

முதல் வாரம் பால் கூடுகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஆழமாக வெட்டினாலும், ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்ட வேண்டியதைத் தினமும் வெட்டினாலும் கொஞ்ச நாள் பால் கூடத்தான் செய்யும். பின்னால் பட்டை காய்ந்து மரம் பால் தராமல் நின்றுவிடும். ஆகவே பாலை அல்ல, பட்டையை அளந்து பாருங்கள். வேலை தொடங்கும் நாளில் வெட்டுக்கோட்டில் மையால் குறியிடுங்கள். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டை போகக் கூடாது. மாதம் 15 வெட்டுக்குக் கோடு இரண்டேகால் சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் உடனே பேசிவிடுங்கள்.

வேறு எங்கே வெட்டுகிறார், எத்தனை மரம் என்றும் கேளுங்கள். ஒரு நாளில் 300 முதல் 400 மரம் ஒருவருக்குத் தாராளம். அதற்குமேல் ஏற்றவர் உங்கள் மரத்துக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும், பால் குறையும். வெட்டியதும் கொத்து வேலைக்கு ஓடுகிறவரும் சரிவராது. பால் வடிந்து முடியும்வரை இருந்து எடுக்க ஆள் வேண்டும்.

பங்குக்கு விட்டால் ஆழமாக வெட்ட ஆசை வரும், மரக்கணக்குக் கூலி என்றால் அவசரம் வரும். எங்களுக்கு மரக்கணக்கே மேல். அவசரத்தைக் குறியிட்ட கோடு காட்டிக்கொடுக்கும். ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால்) யாருக்கு, மழைநாளில் என்ன கூலி, மழைக்குப் பிளாஸ்டிக் கட்டுவது யார் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசுங்கள். இலை உதிர்ந்து தளிர்க்கும் நாட்களில் வெட்டு நிற்கும். அப்போது வேறு வேலை தர முடியுமா என்றும் சொல்லிவிடுங்கள். தராவிட்டால் நல்ல கையை அடுத்த தோட்டக்காரர் கொண்டுபோய்விடுவார்.